மர்பி பட்டையும் பினாங்குக் கதையும்: மன்னார்குடிப் பக்கத்து வால்வு ரேடியோ ஒன்றை அடையாளம் கண்ட விதம்

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்து வீட்டிலிருந்து வந்த மேஜை ரேடியோ இது. கொண்டுவந்த தம்பி மூன்று விஷயங்களை உறுதியாகச் சொன்னார். இது மர்பி கம்பெனி. பெட்டி முழுக்கத் தேக்கு. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் தாத்தா பினாங்கிலிருந்து ரஜுலா கப்பலில் கொண்டுவந்து நாகப்பட்டினத்தில் இறக்கியது. சென்னையில் ஒருவர், யுத்தத்துக்கு முந்தைய மர்பி என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். அந்த 'யாராவது' நானாக இருக்க வேண்டும் என்பதுதான் தம்பி வந்த காரணம்.

கதையில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. கீழத்தஞ்சையில் மலேயா போய் வந்தவர் இல்லாத தெரு குறைவு. ரஜுலா 1926இல் கட்டிய கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம்வரை போய்வந்துகொண்டிருந்தது, தகரப் பெட்டியும் தையல் மிஷினும் ரேடியோவும் அதில் வந்திறங்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பக்கம் எந்தப் பழைய சாமானுக்கும் பினாங்குக் கதை சுலபமாக ஒட்டிக்கொள்ளும், அதனால் கதையை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் மரம். அகலம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட, மேல் மூலைகள் உருண்டவை. கஜா புயல் (2018 நவம்பர்) அன்று ஓடு பறந்து பரணில் மழை இறங்கியதில் இடது பக்கம் மேல்தோல் உரிந்து அப்பளம் மாதிரி வளைந்து நின்றது. பார்க்கச் சங்கடம்தான், ஆனால் ஆராய்கிறவனுக்கு அந்த உரிந்த இடம்தான் வசதி. உள்ளே மெல்லிய பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வளைத்த ஒட்டுப்பலகை, அதன் மேல் தாள் கனத்துக்கு வால்நட் மரத்தோல். தேக்கு இல்லை. இது மட்டமான வேலை என்று அர்த்தமும் இல்லை, அந்தக் காலத்தில் கம்பெனிகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்தார்கள், திடமான பலகையை இந்த வளைவுக்குக் கொண்டுவருவது கஷ்டம். மரத்தோலுக்கு மேல் பூசியிருப்பது செல்லுலோஸ் லாக்கர். இங்கே ஒரு வேண்டுகோள்: இதை உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வார்னிஷ் அடிக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, நாலு இழுப்பு கூடுதலாக இழுத்தால் அடிப்பலகை வெளியே வந்துவிடும், அப்புறம் அதைச் சாயம் பூசித்தான் மறைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது முன்பக்கத்தில் கம்பெனிப் பெயர் சொல்லும் மர்பி பட்டை. பித்தளையில் அழகான எழுத்து. சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் பட்டையைச் சுற்றி லாக்கர் நிறம் மாறாமல் இருந்த இடம் ஒன்று தெரிகிறது, ஆனால் அது பட்டையின் வடிவம் இல்லை, அதைவிட அகலமாகவும் குட்டையாகவும் இருக்கிறது. பட்டையின் பின்னால் இரண்டு ஆணி முனை வெட்டப்பட்டிருக்கிறது, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைத் தூக்கினால் கீழே வேறு இடைவெளியில் இரண்டு துளைகள். ஆக, கம்பெனியில் இந்த இடத்தில் இருந்தது வேறொரு பெயர். கையால் திருப்பும் நான்கு திருகுகளில் (குமிழ்களில்) இரண்டு ஒரு ஜாதி, இரண்டு இன்னொரு ஜாதி என்பதையும் அப்போதே குறித்துக்கொண்டேன்.

வெளியே பார்த்தது போதும். வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்பிருந்த கண்ணாடிக் குழாய்) ரேடியோவில் முகத்தை மாற்றுவது சுலபம், பட்டை, திருகு, துணி எல்லாம் கைமாறும். அடையாளம் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். இதில் அதற்கும் ஒரு தடை, பின்பலகை அசலானது இல்லை, யாரோ ஹார்டுபோர்டை வெட்டிக் கையால் துளை போட்டு மாட்டியிருந்தார்கள். மாடல் எண், எந்த வால்வு எங்கே என்ற படம், எல்லாம் அசல் பின்பலகையில்தான் ஒட்டியிருக்கும். அது போனால் பாதித் தகவல் போன மாதிரி. டெல்டாவில் வரும் பெட்டிகளில் அநேகமாக இது இருப்பதில்லை, ஈரம் ஏறி நொறுங்கிப் போகும், இல்லாவிட்டால் கரையான்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் வால்வுகளைப் படிக்க வேண்டும், இது ஆராய்ச்சிக்கு மட்டுமில்லை, உயிருக்கும் தேவை. ஐரோப்பிய வால்வுப் பெயரில் முதல் எழுத்து இழைக்கு, அதாவது உள்ளே சூடாகும் கம்பிக்கு, எவ்வளவு மின்சாரம் என்று சொல்கிறது. ஈ என்றால் 6.3 வோல்ட், யு என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர் இணைப்பு, டி என்றால் 1.4 வோல்ட், அதாவது பேட்டரி செட். யு வகை செட்டுகளில் பெரும்பாலும் தனித்த மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இருக்காது, யுசிஎச்42, யுஎஃப்41, யுபிசி41, யுஎல்41, யுஒய்41 ஐந்தின் இழைகளையும் வரிசையாகக் கோத்தால் 116 வோல்ட் சொச்சம் வரும், மீதியை ஒரு ரெசிஸ்டர் சூடாகத் தின்றுவிடும். சேசிஸ், அதாவது சாமான்களைப் பூட்டிய உலோகத் தட்டு, நேரடியாக மெயின்ஸில் நிற்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸைத் தொடுவதும் கரண்ட் கம்பியைத் தொடுவதும் ஒன்று, திருகின் சின்ன ஸ்க்ரூ வழியாகவே ஷாக் அடிக்கும். இந்தப் பெட்டியில் இருந்தவை இசிஎச்42, இஎஃப்41, இபிசி41, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரான இஇசட்40, நிலையம் சரியாக விழுந்ததைக் காட்டும் பச்சைக் கண்ணுக்கு இஎம்34, ஒலி வெளியீட்டுக்கு இஎல்84. எல்லாம் ஈ, கூடவே கனமான டிரான்ஸ்பார்மர். ஏசி மட்டும் செட். மூச்சு விட்டேன்.

பெயரின் எண்ணும் பேசும். நாற்பதுகளில் தொடங்கும் எண்கள் ரிம்லாக் வகை. எட்டுக் காலுடன், பக்கத்தில் சின்ன முடிச்சு ஒன்று இருக்கும், அதைச் சாக்கெட்டின் பள்ளத்தில் பொருத்தித்தான் செருக முடியும். இந்த வகை யுத்தம் முடிந்தபிறகு, 1940களின் பிற்பகுதியில்தான் வந்தது. யுத்தத்துக்கு முந்தைய பெட்டியில் ரிம்லாக் சாக்கெட்டுகள் ரிவெட் அடித்து இருக்க வழியே இல்லை. பினாங்குக் கதையின் 'யுத்தத்துக்கு முன்' என்ற பகுதி இங்கேயே விழுந்துவிட்டது.

எண்பதுகளில் தொடங்கினால் நோவல், ஒன்பது கால். அப்படியானால் ரிம்லாக் கூட்டத்தில் ஒரே ஒரு இஎல்84 என்ன செய்கிறது? அந்தச் சாக்கெட்டை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்கிறது. மற்றவை கம்பெனி ரிவெட், இது நட்டு போல்ட்டு. அங்கே முதலில் இருந்தது இஎல்41. அது கிடைக்காமல் போன காலத்தில் யாரோ மெக்கானிக் சாக்கெட்டையே மாற்றியிருக்கிறார், வால்வின் மின்னோட்டத்தை அளவில் வைக்கும் கேதோடு ரெசிஸ்டரையும் 170 ஓமுக்குப் பதில் 135க்குக் கிட்டத்தில் மாற்றியிருக்கிறார், ஏனென்றால் இஎல்84க்கு அதுதான் சரி. பலர் வால்வை மாற்றிவிட்டு இதை அப்படியே விடுவார்கள். அந்த ஊர் பேர் தெரியாத மெக்கானிக்குக்கு நான் மதிப்பெண் போடுகிறேன். வால்வின் மேல் பெல் முத்திரை, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வு செய்ய ஆரம்பித்தது 1960களின் தொடக்கத்தில். ஆக, இந்த வால்வு உள்ளே போனது அதற்குப் பிறகுதான். வால்வில் உள்ள தேதியை வைத்துப் பெட்டிக்கு வயது சொல்கிறவர்கள் சறுக்குவது இப்படித்தான், வால்வு மாற்றுகிற சாமான். சாக்கெட்டுக்கு வயது பாருங்கள்.

டயல் கண்ணாடிக்கு வருவோம், எனக்கு எப்போதும் பிடித்த இடம் இது. இதில் லாங் வேவ் கிடையாது. ஐரோப்பாவில் அவர்கள் ஊருக்கென்று செய்த பெட்டி என்றால் பெரும்பாலும் லாங் வேவ் இருக்கும், ஹில்வர்சம், லக்ஸம்பர்க் என்று பெயர்கள் நிறைந்திருக்கும். இதில் ஒரு மீடியம் வேவ், மூன்று ஷார்ட் வேவ். மீடியம் வேவ் வரிசையில் ஆங்கிலத்தில் தில்லி, கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், திருச்சி, விஜயவாடா, கொழும்பு. மலேயாவில் விற்ற பெட்டி என்றால் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இல்லாமல் திருச்சியையும் விஜயவாடாவையும் யார் அச்சடித்திருப்பார்கள்? திருச்சி நிலையம் 1939, விஜயவாடா 1948 டிசம்பர். ஆக, டயல் 1948க்குப் பிந்தியது, இந்தியாவுக்கென்றே அச்சடித்தது. திருநெல்வேலி நிலையம் 1963இல் வந்தது, அது டயலில் இல்லை, ஆனால் அதை வைத்து 1963க்கு முன் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடியில் இடம் இல்லாமல் விட்ட ஊர்கள் எத்தனையோ. இருக்கும் பெயர் சாட்சி, இல்லாத பெயர் சாட்சி இல்லை.

ஆனால் கண்ணாடி வேறு பெட்டியிலிருந்து வந்திருந்தால்? அதற்கும் சோதனை உண்டு. பின்னால் சரிசெய்து ஓடவிட்ட பிறகு சிக்னல் ஜெனரேட்டரில் 600, 1000, 1400 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன், மூன்று இடத்திலும் அச்சோடு ஒத்துப்போனது. அந்நியக் கண்ணாடி என்றால் இரண்டு முனையையும் இழுத்துப் பொருத்திவிடலாம், நடுவில் விலகிவிடும், ஏனென்றால் நிலையம் மாற்றும் கேங் கண்டன்சரின் தகடு வெட்டும் டயல் நூல் சுற்றும் சக்கரத்தின் விட்டமும் அந்தக் கண்ணாடிக்கென்றே அமைந்தவை. திருச்சி நிலையம் இப்போது அதன் பெயருக்கு நேராக வராமல் கொஞ்சம் தள்ளி 936இல் கேட்கிறது, அதைப் பழுது என்று நினைத்து டிரிம்மரை (நுணுக்கமாகச் சரிசெய்யும் சின்னக் கண்டன்சரை) திருகக் கூடாது. 1978 நவம்பரில் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு மாற்றப்பட்டன. டயல் அதற்கு முந்தியது, அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடியின் உள்பக்கம் நகச்சாயத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி. ஒன்று திருச்சியில், இன்னொன்று ஷார்ட் வேவில் 41 மீட்டர் பக்கம். இரண்டாவது இலங்கை வானொலி என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். 1952இல் மத்திய மந்திரி கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தபோது நாடே கொழும்புக்குத் திரும்பியது, விவித் பாரதி வந்தது 1957இல். திருச்சிப் புள்ளிக்குக் காரணம் வேறாக இருக்கும். தஞ்சாவூர் மாவட்டம் 1960களில் தீவிர விவசாயத் திட்ட மாவட்டம், ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி விடாமல் சொல்லிச் சொல்லிப் பரப்பியதில் இங்கே அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர். பேண்ட் சுவிட்சைத் திறந்து பார்த்தால் மீடியம் வேவ் முனையும் அந்த ஒரு ஷார்ட் வேவ் முனையும் தேய்ந்து வெள்ளி போயிருக்கிறது, மற்ற இரண்டும் கறுத்துக் கிடக்கின்றன, உபயோகமே இல்லை.

சரி, யார் செய்த பெட்டி? சேசிஸைக் கவிழ்த்தால் கீல் பூசிய கறுப்புக் காகிதக் கண்டன்சர்கள், பீங்கான் குச்சியில் மெல்லிய கம்பி சுற்றிய டிரிம்மர்கள். இந்தக் கம்பி டிரிம்மரைப் பார்த்தவுடனே பழகியவர்கள் பிலிப்ஸ் என்பார்கள், சுற்றைப் பிரித்துப் பிரித்து அளவைக் குறைப்பது, திரும்பக் கூட்ட முடியாது, அதனால் தொடவே யோசிக்க வேண்டும். அப்புறம் இடை அலைவரிசை (ஐ.எஃப்.), எந்த நிலையம் வந்தாலும் ரேடியோ உள்ளே மாற்றிக்கொள்ளும் ஒரே அலைவரிசை. ஐ.எஃப். டிரான்ஸ்பார்மர்களின் மெழுகு முத்திரை உடையாமல் இருந்தது, அளந்ததில் உச்சம் 452 கிலோஹெர்ட்ஸில். அமெரிக்க செட்டுகள் பெரும்பாலும் 455, பிரிட்டிஷ் மர்பி வகையறா 465 ஒட்டி. 452 பிலிப்ஸின் எண். பெட்டியின் உள்சுவரில் பூச்சி அரித்த காகிதத் துண்டு ஒன்றில் கல்கத்தா என்ற ஊர்ப்பெயர் மட்டும் மிச்சம், பிலிப்ஸின் இந்திய ரேடியோ தயாரிப்பு அங்கேதான். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரின் அலுமினிய உடம்பில் 8-52 என்று அச்சு, அதன் காது மடிப்புகள் ஒரே ஒரு முறைதான் மடிக்கப்பட்டவை, ஈயமும் கம்பெனி ஈயம். மாற்றிய சாமான் இல்லை.

சேசிஸும் மரமும் ஜோடிதானா என்பது கடைசிக் கேள்வி, ஏனென்றால் உடைந்த பெட்டியில் நல்ல சேசிஸ், செத்த சேசிஸுக்கு நல்ல பெட்டி என்று கல்யாணம் செய்துவைத்து விற்பது நடக்கிற காரியம். அடிப்பலகையில் போல்ட்டுத் துளைகள் ஒரே ஒரு தொகுதிதான், அடைத்த துளை கிடையாது, சேசிஸ் நின்ற இடத்தில் மரம் வெளிறி அதே நீள அகலத்தில் இருக்கிறது, திருகு அச்சுகள் துளைகளின் நடுவில் வருகின்றன. ஜோடி அசல்.

ஆக, பிலிப்ஸ், ஏசி, கல்கத்தா, 1952 ஆகஸ்டுக்குப் பிறகு. மேல் எல்லை? ஐம்பதுகளின் நடுவில் நோவல் வால்வுகள் வந்து ரிம்லாக்கைத் தள்ளிவிட்டன, பச்சைக் கண்ணும் இஎம்34இலிருந்து இஎம்80க்குப் போய்விட்டது. 1952 கடைசியிலிருந்து 1955க்குள் என்று வைத்தேன்.

இதைச் சொன்னபோது தம்பிக்கு முகம் வாடிவிட்டது. விலை போனதைவிடத் தாத்தா பொய் சொல்லிவிட்டாரோ என்பதில்தான் வருத்தம். அதற்கு அவருடைய அப்பாயியைப் பார்க்கப் போனேன். இந்த மாதிரி விசாரணையில் ரேடியோ எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டால் பதில் வராது, வருஷம் யாருக்கும் நினைவில்லை. வீட்டுக்குக் கரண்ட் எப்போது வந்தது என்று கேட்டால் வரும். கல்யாணம், பிள்ளைப்பேறு, கரண்ட் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும்.

"கரண்டு வந்த வருஷந்தான் இந்தப் பெட்டி வந்துச்சு. பெரியவன் அப்ப கைக்கொழந்த" என்றார் அப்பாயி. பெரியவர் பிறந்தது 1954. அப்புறம் நான் கேட்காமலே, "பினாங்குப் பெட்டி இது இல்லப்பா தம்பி. அது வேற. அதுக்கு ஆசிட் பேட்டரி. சார்ஜு போட மன்னார்குடிக்கு சைக்கிள்ள வச்சு எடுத்துட்டுப் போவாங்க, அது வர்ற வரைக்கும் பெட்டி சும்மா கெடக்கும்."

"அது எங்க ஆத்தா போச்சு?"

"கூத்தாநல்லூர்க்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. குடுக்கறப்ப பெரியவன் அதுல இருந்த பேரையும் திருகு ரெண்டையும் புடுங்கி வச்சுக்கிட்டான். அழுதான், விட்டுட்டாங்க."

சார்ஜ் போட்ட ஆசிட் பேட்டரி என்பது முக்கியமான சாட்சி. யுத்தத்துக்குப் பிந்தைய சின்ன பேட்டரி செட்டுகள் பல உலர் பேட்டரியில் ஓடியவை, தீர்ந்தால் தூக்கிப்போடுவது. சைக்கிளில் ஏற்றிச் சார்ஜ் போடப் போனது என்றால் ஒன்று யுத்தத்துக்கு முந்தைய 2 வோல்ட் செட், அல்லது 6 வோல்ட் பேட்டரியில், வோல்ட்டை உயர்த்த உதவும் வைப்ரேட்டர் வைத்து ஓடும் செட். இரண்டில் எதுவானாலும் கரண்ட் இல்லாத வீட்டுக்கு வந்த மர்பி, தாத்தா சொன்னது உண்மைதான். ஒரே வீட்டில் முன்பின்னாக இரண்டு ரேடியோ இருந்து, ஒன்றின் கதையும் பட்டையும் இன்னொன்றின் மேல் ஏறிக்கொண்டன. பெரியவர் ஒட்டிய பட்டை அந்தக் குடும்பத்தை இத்தனை வருஷம் நம்பவைத்திருக்கிறது, அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு. தபாலாபீஸ் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்றும் அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, முதல் முத்திரை 1955. இந்தப் பெட்டிக்குத்தான் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் மற்றதோடு இடிக்கவில்லை.

சென்னைக்காரர் விலகிக்கொண்டார். தம்பி விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டு ஓடவைத்துக் கொடுங்கள் என்றார்.

வேலை பெரிதில்லை. நேராகப் பிளக்கில் செருகாமல் கரண்டை மட்டுப்படுத்தத் தொடரில் ஒரு பல்பு (சீரிஸ் பல்பு) வைத்து மெதுவாக ஏற்றினேன், எலக்ட்ரோலிட்டிக் பிழைத்துக்கொண்டது. இஎல்84இன் கிரிடில் (சிக்னல் நுழையும் முனையில்) பாசிட்டிவ் வோல்ட் நின்றது, எதிர்பார்த்ததுதான், முந்தைய கட்டத்திலிருந்து வரும் காகிதக் கண்டன்சர் ஈரம் குடித்துக் கசிகிறது. அதை மாற்றாமல் ஓடவிட்டால் வால்வு சிவந்து டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். டெல்டா ஈரத்தில் இந்த ஒரு கண்டன்சரை அளக்காமலே மாற்றிவிடலாம் என்பது என் கட்சி. எலி கடித்த டயல் நூல் புதிது. உரிந்த மரத்தோலை ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் வைத்துப் படியவைத்து ஒட்டினேன், கோடு தெரிகிறது, தெரியட்டும். இஎல்84ஐ எடுத்துவிட்டு இஎல்41 தேடலாமா என்று தம்பி கேட்டார், வேண்டாம் என்றேன், அந்த மாற்றமும் இப்போது இந்தப் பெட்டியின் சரித்திரம். மர்பி பட்டைக்கும் அதே தீர்ப்பு.

கழற்றிய பழைய கண்டன்சர்களைத் துணியில் முடிந்து உள்ளேயே வைத்தேன். புதுப் பின்பலகையில் காற்றுத் துளைகள் தாராளமாகப் போட்டு உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன்: பிலிப்ஸ், கல்கத்தா, 1952–55, ஏசி மட்டும், ஐ.எஃப். 452, முன்பட்டையும் இரண்டு திருகும் வேறு செட்டுடையவை, வெளியீட்டு வால்வு பிற்பாடு இஎல்84 ஆக்கப்பட்டது, அதன் கேதோடில் 7 வோல்ட் சொச்சம் இருக்க வேண்டும். மாடல் எண் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இணையத்தில் முகம் ஒத்த படம் ஒன்றிரண்டு இருக்கின்றன, ஆனால் அவற்றின் சேசிஸைப் பார்க்காமல் எண்ணை எழுத மனசு வரவில்லை.